பேர்சிவல் ஐயரும் அவர்தம் எழுத்து நட்பும்

சேலம் நகரினின்று வடதிசை நோக்குவார்க்குச் சேர்வராயன் மலை நீலத்திரை விரித்தாற்போலத் தோன்றும். மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்திலுள்ள ஏற்காட்டிற் கொண்டு சேர்க்கும். ஏரியைக் கடந்து மஞ்சக்குட்டை முதலிய சிற்றூர்களை நோக்கிச் செல்வோமாயின், சில்வர் ஓக் மரங்களின் நிழலிற் காப்பிச் செடிகளும், அம்மரங்களைத் தழுவிய மிளகுக் கொடிகளும் இருபுறத்தும் கண்ணைக் குளிர்விக்கும். மலைவாழ் மக்களின் அடுப்பிற் கேழ்வரகுக் களியும் சாமைச் சோறும் வேக, தோட்டத்துத் துரைமாரின் போறணையிற் கோதுமை ரொட்டி வெந்த காலமும் ஒன்று இம்மலைக்கு இருந்தது. ஒரே மலையில் இருவகை அடுப்பு எரிந்தன. ஓரடுப்பின் உணவை மற்றதனார் உண்ணும் வழக்கம் அரிதாயிருந்தது.

இம்மலையின்கண்ணே 1882ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11ஆம் நாள் தமிழுக்குத் தொண்டு புரிந்த முதியவர் ஒருவர் உயிர்நீத்தார். அவர் பீற்றர் பேர்சிவல் ஐயர். போப்பையரையும் கால்டுவெல் ஐயரையும் அறிந்த நம் மாணவ நண்பர்களிற் பலர் இவர் பெயரைக் கேட்டிரார். கேட்டாரும் ஆறுமுக நாவலரின் சரிதத்தில் ஓரிடத்துத் தோன்றி மறையும் துரையாகவே இவரைக் கருதுவர். ஆயினும், வேற்றுச் சமயத்தாரோடு ஒரு பலகையில் அமர்ந்து எழுதிய நட்பு எத்தகையது, அந்நட்பு எதனைத் தரும், எதனைத் தாராது என்பவற்றை அறிய விரும்புவார்க்கு இவர் வாழ்க்கையைப்போல் விளக்கம் தருவது பிறிதொன்று இல்லை. ஆதலின் அதனைச் சுருக்கமாக ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பேர்சிவல் ஐயர் 1803ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே வெஸ்லியன் சங்கத்துக் குருவாகி, 1826ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து மக்கள் கல்வியில் வேட்கை மிக்கவர் என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். 1834ஆம் ஆண்டளவில், அங்கு முன்னரே இருந்த வெஸ்லியன் ஆங்கிலப் பாடசாலையைத் திருத்தியமைத்து உயர்ந்ததோர் கலாசாலையாக்கினார். அதுவே இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி எனப் பெயர் பெற்று விளங்குவது. வேம்படியிற் பெண்மக்களுக்கெனத் தோன்றிய பாடசாலையும் அவர்தம் காலத்து முயற்சியின் பயனே. பெண்கள் எழுத்தறிதல் தகாதென்று கருதிய அந்நாளில் இஃது எளிய செயலன்று.

அக்கலாசாலைக்கு ஆங்கிலம் கற்க வந்த மாணாக்கருள் நல்லூர்க் கந்தப்பிள்ளையின் புதல்வர் ஆறுமுகம் ஒருவர். 1822ஆம் ஆண்டில் தோன்றிய அவர், தமிழ்ப் புலமை நிறைந்த குடும்பத்தினர். வழிவழிச் சைவ ஒழுக்கம் பிறழாதவர். அவருடைய கூர்த்த மதியைக் கண்ட ஐயர், 1841ஆம் ஆண்டளவில், இருபது வயதும் நிரம்பாத அவ்விளைஞரைத் தம் கலாசாலையிலேயே ஆசிரியராக அமர்த்தினார். அவ்வளவிலும் அமையாது, தமக்குத் தமிழறிவிக்கும் பண்டிதராகவும், தாம் மேற்கொண்ட பெரும்பணிக்குத் துணைவராகவும் அவரை ஏற்றுக்கொண்டார். அப்பணி விவிலிய நூலைத் தமிழில் மீட்டும் மொழிபெயர்ப்பதாம்.

தமிழில் விவிலியம் அதற்கு முன் இல்லாமலில்லை. தரங்கம்பாடியிற் சீகன்பால்கு ஐயர் 1715ஆம் ஆண்டிற் புதிய ஏற்பாட்டை அச்சிட்டனர். அதே நூற்றாண்டிற் பப்பிரிசியு ஐயர் வேதம் முழுதையும் மொழிபெயர்த்தனர். பின்னர்த் திருநெல்வேலிச் சீமையில் இரேனியுஸ் ஐயர் எளிய நடையிற் புதிய ஏற்பாட்டைத் தந்தனர். இவற்றின் மூலப்பற்றும் உழைப்பும் பெரியன. எனினும் கற்றார் செவிக்கு இனிமை பயக்கும் இலக்கணத் தூய்மை அவற்றிற் போதாதென்பது பலர் குறை. அக்குறை தீர்க்க வேண்டுமாயின், மூலமொழி அறிந்தவர் ஒருபுறமும் தமிழைத் தாய்ப்பாலோடு உண்டவர் ஒருபுறமும் இருந்து எழுத வேண்டுமெனப் பேர்சிவல் ஐயர் கண்டார். தமிழ் வல்லார் கிறிஸ்தவராயிருத்தல் வேண்டுமென்று அவர் வற்புறுத்தவில்லை. இவ்வொரு முடிவிலேயே அவர்தம் உள்ளத்தின் அளவு புலனாகும்.

நெற்றியில் திருநீறும் கழுத்தில் உருத்திராக்கமும் அணிந்து, சைவ ஆசாரத்தில் அணுவளவும் தளராது, நாவலர் அக்கலாசாலையில் எட்டாண்டளவு பணி புரிந்தார். அந்நாளைய யாழ்ப்பாணத்துச் சைவர் கிறிஸ்தவர் இல்லத்தில் நீரும் அருந்தார். ஆதலின் இருவருக்கும் எழுதுபலகை ஒன்று, உண்கலம் வெவ்வேறு. பொழுது சாய்ந்ததும் ஒருவர் தம் மனைவி மக்களோடு ரொட்டியைப் பகிர்ந்துண்ணும் மேசைக்குச் செல்ல, மற்றவர் நீராடிப் பூசை முடித்துத் தம் இல்லத்துச் சோற்றை உண்ணச் செல்வர். மறுநாட் காலையில் ஒரு வசனத்தின் பொருட்டு இருவரும் மீண்டும் கூடுவர்.

இவ்விடத்து அப்பம் என்னும் ஒரு சொல்லை எடுத்துக் காட்டுவோம். விவிலியம் அடுப்பங்கரை மணம் வீசும் நூல். பாலைநிலத்து மக்களுக்கு வானத்திலிருந்து உணவு பொழிந்ததும், மூன்று படி மாவிற் பெண்ணொருத்தி புளிப்பை அடக்கி வைத்ததும், ஐந்து அப்பங்களால் ஐயாயிரவர் பசி தீர்ந்ததும், கடைசி இராவில் ஆண்டவர் தம் சீடர்க்கு அப்பத்தைப் பிட்டுக் கொடுத்ததும் அதன் நடுநாயகமான நிகழ்ச்சிகள். ஆனால் தமிழ்நாடோ நெல்லும் தினையும் வரகும் விளையும் நாடு. கோதுமை மாவைப் புளிக்க வைத்துப் போறணையில் வேகவைத்த பண்டத்தைத் தமிழில் எவ்வாறு கூறுவது? யாழ்ப்பாணத்தார் போர்த்துக்கேயரிடமிருந்து பாண் என்ற சொல்லைப் பெற்றிருந்தனர். போறணை என்ற சொல்லும் அவ்வழி வந்ததே. தமிழகத்தார்க்கோ ரொட்டி என்பது வழக்கு. இவ்விரண்டும் கடைத்தெருவிற் பயன்படுமேயன்றித் திருநூலின் நடைக்குப் பொருந்துமோ என்பது ஐயம். ஆதலின் மொழிபெயர்ப்பாளர் வழிவழியாக அப்பம் என்ற சொல்லையே ஆண்டனர்.

அச்சொல்லோ தமிழர்க்குப் புதியதன்று. பெரும்பாணாற்றுப்படையிலும் மதுரைக்காஞ்சியிலும் வரும் கூவியர் என்போர் அப்பம் விற்கும் வாணிகர் என உரையாசிரியர் கூறுவர். அரிசி மாவைக் கரைத்து, கள்ளேனும் பிறிதொரு புளிப்பேனும் சேர்த்து இரவு முழுதும் பொங்க வைத்து, விடியலில் தாயும் மகளும் அடுப்பைச் சூழ்ந்திருந்து சுட்டெடுக்கும் அப்பம் யாழ்ப்பாணத்து இல்லங்களில் அறியாதார் இல்லை. ஆதலின் சிறிது புளிப்பு முழு மாவையும் பொங்கச் செய்யும் என்ற உவமையை அங்குள்ள சிறுமியும் உரையின்றி உணர்வாள். மேலும், அப்பம் விநாயகப் பெருமானுக்குப் படைக்கும் பண்டம். அருணகிரிநாதர் திருப்புகழிலும் இடம்பெற்றது. இங்ஙனம் ஒரே சொல் சைவர் இல்லத்துப் பூசையறையிலும் கிறிஸ்தவர் ஆலயத்துத் திருவிருந்திலும் வழங்குவதாயிற்று. சேர்ந்துண்ணாத இருவர், உணவின் பெயரைச் சேர்ந்தெழுதினர். இதனினும் வியப்பானது யாது?

மொழிபெயர்ப்பு முடிவுற்ற பின்னர், அதனைச் சென்னையிலுள்ளார் ஆராய்ந்து ஒப்புக்கொள்ளவேண்டுமென்றெழுந்த தேவையால் ஐயரும் நாவலரும் கடல் கடந்து சென்னைக்குச் சென்றனர். ஆங்கு மழவை மகாலிங்கையர் என்னும் பெரும்புலவர் அதனைப் பார்வையிட்டு, வழுவற்றதெனப் பாராட்டினர் என்பது வழங்கிவரும் செய்தி. அந்நூல் 1850ஆம் ஆண்டிற் சென்னையில் அமெரிக்கன் மிஷன் அச்சுக்கூடத்தில் அச்சாகி வெளிவந்தது. ஆயினும் திருச்சபைகள் அதனை முற்றும் ஏற்றுக்கொள்ளவில்லை. பழகிய சொற்களினின்று மிக விலகியதென்றும், கல்லாதார்க்கு அரிதென்றும் தமிழகத்துக் குருமார் பலர் குறை கூறினர். பின்னர்ப் பவர் ஐயர் தலைமையிலமைந்த குழுவினர் திருத்தியமைத்து 1871ஆம் ஆண்டில் முழுவடிவில் வெளியிட்ட மொழிபெயர்ப்பே நாடெங்கும் பரவியது. பேர்சிவல் ஐயரும் நாவலரும் பல்லாண்டு உழைத்தெழுதிய நூல் பழஞ்சுவடிகளின் வரிசையிற் சேர்ந்தது.

இது முதல் இழப்பு. இரண்டாவது இழப்பு இதனினும் கூரியது. 1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆம் நாள், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் தம் முதற் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. பகலிற் கிறிஸ்தவக் கலாசாலை ஆசிரியர். மாலையிற் சைவ சமயத்தை நிலைநாட்டும் நாவன்மையாளர். ஒரு பாதிரியாரிடம் ஊதியம் பெறுவோர், அப்பாதிரியாரின் சமயம் பரவாமற் காக்கும் முயற்சியில் இறங்கினரென்பதை யாழ்ப்பாணம் முழுதும் அறிந்தது. ஐயர் அவரை நீக்கினாரல்லர். 1848ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நாவலரே தம் பதவியைத் துறந்தார். ஐயர் வருந்தி வேண்டியும் அவர் நிற்கவில்லை என்பர். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றிற்று. வகுப்புப் பிரித்தல், பாடநூல் அச்சிடுதல், உரைநடையிற் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் என்று நாவலர் அங்குக் கைக்கொண்ட முறைகளில் மத்திய கலாசாலையிற் பெற்ற பயிற்சி தெளிவாகத் தோன்றும்.

1854ஆம் ஆண்டு நோக்கற்பாலது. அதற்குள் பேர்சிவல் ஐயர் இலங்கையை விட்டு இங்கிலாந்து சென்று, ஆங்கிலிக்கன் திருச்சபையிற் சேர்ந்திருந்தார். கந்தர்புரி நகரத்துப் புனித அகஸ்தீன் கல்லூரியில் தாம் நிகழ்த்திய சொற்பொழிவுகளைத் திரட்டி, வேத பூமி என்னும் பொருள்படும் பெயருடைய ஆங்கில நூலை அவ்வாண்டில் வெளியிட்டார். அதே ஆண்டில் நாவலர் சைவதூஷண பரிகாரம் என்னும் நூலை வெளியிட்டார். பாதிரிமார் சைவ வழிபாட்டை இகழ்ந்ததற்கு மறுமொழியாகிய அந்நூல், எருசலேம் ஆலயத்து வழிபாட்டு முறைகளை விவிலியத்திலிருந்தே எடுத்து, சைவாலய வழிபாட்டோடு ஒப்பிட்டுக் காட்டுவது. பலிபீடமும், விளக்கும், நறும்புகையும், ஆண்டவர் சந்நிதியில் அடுக்கி வைக்கும் சமுகத்தப்பமும் கூறப்படும் ஏடுகளைச் சொற்சொல்லாக ஆராய்ந்த ஒருவராலன்றி இத்தகைய நூலை எழுதுதல் இயலாது. பேர்சிவல் ஐயரின் எழுதுபலகையிற் பெற்ற கல்வி, அவர் சமயத்தாரை எதிர்க்கும் படைக்கலமாயிற்று.

சிலர் இதுகொண்டு பேர்சிவல் ஐயர் தோற்றார் என்பர். அவர் கருதி வந்த பயன் மதமாற்றமாயின், நாவலர்பால் அவர் தோற்றது உண்மையே. ஆனால் தமிழ் எதனைப் பெற்றது என்று வினவுவோமாயின் விடை வேறாகும். தெளிவான உரைநடையும், நிறுத்தக் குறியிட்டு அச்சிடும் வழக்கமும், பிழையற்ற பதிப்பும் நாவலரால் நிலைபெற்றன. அவற்றின் வித்து விழுந்த நிலங்களுள் அவ்வெழுதுபலகையும் ஒன்று.

இந்தியாவுக்கு மீண்டும் வந்த ஐயர், நாளடைவில் மிஷன் சங்கங்களின் தொடர்பினின்று நீங்கி, சென்னை இராசதானிக் கல்லூரியில் வடமொழிக்கும் நாட்டு மொழிகளுக்கும் பேராசிரியரானார். ஆங்கிலத் தமிழ் அகராதியும் ஆங்கிலத் தெலுங்கு அகராதியும் தொகுத்தார். தினவர்த்தமானி என்னும் தமிழ்ப் பத்திரிகையை நடத்தினார். அதனை நடத்தத் துணைவேண்டி, யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம் பிள்ளையைச் சென்னைக்கு அழைத்தார். 1832ஆம் ஆண்டிற் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த பிள்ளையவர்கள், தம் இருபத்திரண்டாம் வயதில் நீதிநெறி விளக்கத்தைப் பதிப்பித்துப் பெயர் பெற்றிருந்தவர். ஐயரின் அழைப்பாற் சென்னை வந்த அவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னர்ச் சைவம் மேற்கொண்டார். தொல்காப்பிய உரைகள், வீரசோழியம், கலித்தொகை முதலியவற்றைச் செல்லுக்கு இரையாகாமற் காத்துப் பதிப்பித்தார். ஐயர் ஆதரித்த இருபெருந் தமிழரும் சைவராகவே நின்றனர். இருவருடைய உழைப்பாலும் தமிழ் அழியாது நின்றது.

ஐயரின் சொந்த நூல்களுள் நெடிது நிலைத்தது பழமொழித் தொகுதியாம். 1842ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் அதன் முதற் பதிப்பு வெளிவந்தது. 1874ஆம் ஆண்டிற் சென்னையில் வெளிவந்த பெரும் பதிப்பு ஆறாயிரத்திற்கு மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு கொண்டது. பழமொழி என்பது சங்கப் பலகையிற் பிறந்ததன்று. அடுப்பங்கரையிலும், கிணற்றடியிலும், களத்துமேட்டிலும் பிறந்தது. உப்பும் உலையும், அரிசியும் உமியும், மாமியும் மருமகளும், விருந்தும் பசியும் அதன் பொருள்கள். ஒருவர் இல்லத்து உணவை உண்ணும் உரிமை பெறாத வேற்று நாட்டார், அவ்வில்லத்து அடுப்படியில் வழங்கிய அறிவை முப்பதாண்டுக்கு மேலாகச் சேர்த்து வைத்தனர். பின்வந்த இலாசரசும் (1894), ஜென்சனும் (1897) தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தபோது அவர்க்கு முன்னே வெட்டப்பட்ட வழி ஒன்று இருந்தது.

ஐயரின் குடும்பத்தோடு சேர்வராயன் மலை கொண்ட தொடர்பையும் கூறவேண்டும். அவர் மகளை மணந்தவர் இராபர்ட் புரூஸ் பூட்டு என்னும் நிலநூலறிஞர். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் பல்லாவரத்திற் பழைய கற்காலத்துக் கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்நாட்டு மக்களின் தொன்மையை உலகிற்கு அறிவித்தவர் அவரே. மாமனார் பழஞ்சொல் பொறுக்கினர்; மருமகனார் பழங்கல் பொறுக்கினர். பிறர் மதியாது மிதித்துச் செல்வதனைக் குனிந்தெடுக்கும் குணம் அக்குடும்பத்திற்கு இயல்பாயிருந்தது போலும்! பூட்டுத் துரையும் தம் முதுமையை ஏற்காட்டிலேயே கழித்தார். அவர் 1912ஆம் ஆண்டில் மறைந்தபின் அவர்க்குரிய நினைவு ஏற்காட்டுத் திரித்துவ ஆலயத்தில் அமைந்தது.

பேர்சிவல் ஐயர் தம் எழுபத்தொன்பதாம் வயது நிரம்புதற்குப் பதின்மூன்று நாள் எஞ்சியிருக்க, ஏற்காட்டில் உயிர்துறந்தார். நாவலர் அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1879ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5ஆம் நாள், சிவபதம் எய்தியிருந்தார். ஒருவர் குளிர்மலையிலும் ஒருவர் கடல்சூழ்ந்த பனைநாட்டிலும் தத்தம் சமயத்தில் உறுதியுடன் வாழ்ந்து முடிந்தனர்.

இவ்வரலாற்றை நம் கல்லூரி மலரில் எழுதுதற்குக் காரணம் உண்டு. மிஷன் கல்லூரிகள் பலவற்றில் முற்காலத்து விடுதிகளில் இந்துக்களுக்கொரு சமையலறையும் கிறிஸ்தவர்க்கொரு சமையலறையும் இருந்தன. வகுப்பில் ஒரே பலகையிலமர்ந்தோர், உண்ணும்போது வெவ்வேறு திசை நோக்கி நடந்தனர். இன்று அந்நிலை மாறிவிட்டது. கிறிஸ்து பிறப்புக்குச் சுட்ட பலகாரமும், பொங்கலும், பெருநாட் சோறும் ஒரே மேசையில் நம்மிடையே பகிரப்படுகின்றன. பேர்சிவல் ஐயருக்கும் நாவலருக்கும் கிட்டாத பேறு நமக்குக் கிட்டியுள்ளது. ஆயினும் அவர்க்கு இருந்த ஒன்று நம்மிடம் உளதோ என ஆராய வேண்டும். சேர்ந்துண்ணுதல் எளிதாகிவிட்ட நாளிற் சேர்ந்துழைத்தல் அரிதாகிவிடலாகாது. தமக்கு உடன்பாடல்லாத கொள்கையுடையார்தம் நூலையும் பிழையறத் திருத்திக் கொடுத்தல், நம்மை மறுக்கப் போகிறவர்க்கும் நாமறிந்ததை ஒளியாது கற்பித்தல் என்னும் இரண்டும் அவ்வெழுதுபலகையின் அறங்கள்.

நாவலர் திருநீற்றை அழிக்காமல் எழுதினார். ஐயர் அதனை அழிக்கச் சொல்லாமல் எழுதுவித்தார். அவர்கள் ஆக்கிய மொழிபெயர்ப்பை இன்று ஓதுவார் அரியர். அவர்கள் ஒன்றாயிருந்து எழுதியதோ மறைதற்குரியதன்று. அடுத்த விடுமுறையில் ஏற்காடு ஏறும் மாணவ நண்பர்கள், ஏரிக்கரையிற் படகேறிய பின்னராயினும், மஞ்சக்குட்டைக் காப்பி நிழலில் நடந்த பின்னராயினும், அம்மலையில் இறுதி நாளைக் கழித்த இம்முதியவரை ஒரு கணம் நினைப்பாராயின், யாம் எழுதியதன் பயன் எய்தினோமாவோம்.